கொல்லைக் கொடியும் கம்பெனித் தோட்டமும்

1797இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒரு யோசனை உதித்தது. மலபார் மிளகுக்காக அது வெகுகாலம் அலைந்துவிட்டது. குறுநில மன்னர்களிடம் பேரம், உள்ளூர் வணிகர்களுக்கு முன்பணம், மாஹேயில் உட்கார்ந்திருந்த பிரெஞ்சுக்காரர்களோடு போட்டி என்று பாடு பெரிது. 1792இல் திப்புவிடமிருந்து மலபாரே கைக்கு வந்துவிட்ட பிறகு, இன்னும் எதற்கு வீடு வீடாக மூட்டை சேர்க்க வேண்டும்? தானே பயிரிட்டால் தரகு மிச்சம், விளைச்சலும் கூடும் என்று கணக்குப் போட்டது. தலசேரிக்கு அருகே அஞ்சரக்கண்டியில் தோட்டம் எழுந்தது. பொறுப்பு மர்டோக் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டது. மாஹேயில் வணிகம் செய்து, மலபாரின் நெளிவு சுளிவுகளை அறிந்தவர் அவர்.

கணக்கு காகிதத்தோடு நின்றது. சில ஆண்டுகளிலேயே கம்பெனி விலகிக்கொண்டு தோட்டத்தைப் பிரவுனிடமே விட்டது. கூலிக்கு ஆள் கிடைப்பது அங்கே தீராத தலைவலி. 1811இல் தாமஸ் பேபர் என்ற ஆங்கிலேய நீதிபதி விசாரித்தபோது, திருவிதாங்கூரிலிருந்து கடத்திக் கொண்டுவரப்பட்டவர்கள் அந்தத் தோட்டத்தில் அடிமைகளாக உழைத்தது வெளிப்பட்டது. பின்னாளில் அஞ்சரக்கண்டிக்குப் பெயர் வாங்கித் தந்தது மிளகு அல்ல, இலவங்கப்பட்டை.

அதே காலத்தில், அதே மழையில், தோட்டத்தைச் சுற்றியிருந்த கொல்லைகளில் பலா மரத்திலும் மாமரத்திலும் கமுகிலும் மிளகுக்கொடி வழக்கம்போல் காய்த்துக்கொண்டுதான் இருந்தது. துரைமார் ஆயிரக்கணக்கில் நட்டும் தேறாத பயிர், நாலு கொடி வைத்திருந்த குடியானவருக்கு எப்படிக் கைகொடுத்தது? மிளகின் வரலாற்றைக் கப்பல்களையும் கோட்டைகளையும் வைத்தே சொல்லிப் பழகிவிட்டோம். இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பார்த்தால் அதே வரலாறு வேறு விதமாகத் தெரியும்.

*

மிளகு மேற்குத் தொடர்ச்சி மலைக்குச் சொந்தமான கொடி. காட்டில் தானாக வளரும் கொடிகளில் பெரும்பாலும் ஆண் வேறு, பெண் வேறு. வீட்டுக் கொல்லையில் வளர்பவை அப்படியல்ல. ஒரே பூவில் இரண்டு பாலும் இருக்கும், அதனால் காய் பிடிப்பதும் அதிகம். இந்த மாற்றம் எந்த ஆய்வுக்கூடத்திலும் நடந்ததில்லை. நன்றாகக் காய்த்த கொடியிலிருந்து தண்டை வெட்டி அடுத்த மரத்தடியில் ஊன்றிய விவசாயிகள், தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்துச் சேர்த்த சொத்து அது. கரிமுண்டா, கொட்டநாடன், நாராயக்கொடி, ஐம்பிரியன், நீலமுண்டி, பாலன்கொட்டா, கல்லுவள்ளி என்று நூற்றுக்கும் மேற்பட்ட நாட்டு ரகங்கள் இப்படி உண்டானவை.

கொடியின் குணம் கொஞ்சம் வம்பானது. ஈரம் வேண்டும், நீர் தேங்கக் கூடாது. நிழல் வேண்டும், இருள் கூடாது. வேர் ஆழத்துக்குப் போகாது; மேல்மண்ணிலேயே பரவும். கொத்து ஆழமாகப் பட்டால் காயம், காயத்தின் வழியே நோய். வைகாசியில் தாங்கு மரத்தின் கிளைகளைக் கழித்து வெளிச்சம் விட வேண்டும். ஆனியில், திருவாதிரை ஞாற்றுவேலை என்று மலையாளிகள் சொல்லும் நாட்களில், மழை விடாமல் பெய்ய வேண்டும். சரம் விட்டுப் பூக்கும் பருவம் அதுதான். பூவிலிருந்து பூவுக்கு மகரந்தம் இறங்கவும் மழைத்துளி துணைசெய்கிறது. நடுவில் மழை ஏமாற்றினால் சரம் உதிரும். பிறகு ஏழெட்டு மாதம் காத்திருப்பு. மார்கழி தொடங்கிப் பங்குனி வரை பறிப்பு.

பறிப்பதும் லேசான வேலையல்ல. ஒற்றை மூங்கிலை ஏணியாகச் சாத்தி, கணுவில் விட்டிருக்கும் கவட்டையில் கால் பெருவிரலை ஊன்றி, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு முப்பது அடி உயரத்தில் நின்று பறிக்க வேண்டும். சரத்தில் ஒன்றிரண்டு மணி பழுத்துச் சிவந்ததும் பறித்துவிட வேண்டும். பறித்ததைக் குவித்துவைத்து, காலால் மிதித்து மணி பிரித்து, வெயிலில் நாலைந்து நாள் காயவைத்தால் பச்சை நிறம் போய்க் கருத்துச் சுருங்கும். 100 கிலோ பச்சை மிளகு காய்ந்தால் சுமார் 33 கிலோதான் நிற்கும்.

இந்த வேலைகளில் எதுவும் ஒரே நாளில் நூறு பேரைக் கேட்பதில்லை. ஆனால் ஆண்டு முழுவதும் ஒரு கண் கொடியின்மேல் இருக்க வேண்டும். வீட்டுப் பின்பக்கம் நின்ற கொடிக்கு அந்தக் கண் செலவில்லாமல் கிடைத்தது. தோட்டத்துக்கு அதற்கும் மேற்பார்வையாளரை வைக்க வேண்டியிருந்தது. தாங்கு மரத்தின் கதையும் இதேதான். கொல்லைக்காரருக்குப் பலா ஏற்கெனவே நின்றது; பழமும் தந்தது. கம்பெனிக்கு மரத்தை நட்டு, அது வளரும் வரை ஆண்டுக்கணக்கில் முதலைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது.

*

இந்தக் கொல்லைக் கொடியின் விளைச்சல்தான் ரோம் வரை போனது. முசிறியில் யவனர் கலங்கள் பொன்னைக் கொடுத்து மிளகை ஏற்றிச் சென்றதை அகநானூற்றின் 149ஆம் பாடல் பதிவுசெய்திருக்கிறது. எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரனிகேயில் அகழாய்வு செய்தவர்கள், கோயில் ஒன்றில் புதைந்திருந்த இந்திய ஜாடிக்குள் சுமார் 7.5 கிலோ மிளகைக் கண்டெடுத்தார்கள். கருமிளகு ஒரு ராத்தல் 4 தெனாரி என்று முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி விலை எழுதிவைத்தார். வெறும் காரத்துக்காக இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று அலுத்தும் கொண்டார். 408இல் ரோமை முற்றுகையிட்ட கோத் தலைவர் அலாரிக் கேட்ட பணயத்தில் பொன் வெள்ளியோடு 3000 ராத்தல் மிளகும் இருந்தது.

ரோமில் என்ன விலை என்பது தெரிகிறது. மலையடிவாரத்தில் கொடி வைத்திருந்தவருக்கு என்ன கிடைத்தது என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை. அவர் குரல் ஆவணங்களில் எட்டிப்பார்ப்பது ஐரோப்பியர் வந்த பிறகுதான், அதுவும் புகாராக.

1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தார். சில ஆண்டுகளில் போர்ச்சுக்கீசியர் கொச்சியில் கோட்டை கட்டி, மிளகுக்கு நிலையான விலையை ஒப்பந்தத்தில் எழுதிவாங்கினார்கள். சந்தையில் விலை ஏறினாலும் அவர்கள் கொடுப்பது ஏறாது. விளைவித்தவர்கள் இதற்குச் சண்டை போடவில்லை. வேறு வழி கண்டார்கள். கொச்சிக்கு வரும் மிளகு ஈரமாகவும் மண் கலந்தும் இருப்பதாகப் போர்ச்சுக்கீசிய அதிகாரிகள் ஓயாமல் புலம்பினார்கள். நல்ல மிளகு பொதிமாடுகளின் முதுகில் ஏறி, மலைக் கணவாய்களைக் கடந்து தமிழகப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. கடலைக் காவல் காத்தவர்களால் மலையைக் காவல் காக்க முடியவில்லை. அடுத்து வந்த டச்சுக்காரர்களும் இதே புகாரை எழுதினார்கள்.

திருவிதாங்கூரில் மார்த்தாண்ட வர்மா, 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த கையோடு, மிளகு வணிகத்தை அரசின் ஏகபோகமாக்கினார். அந்நியர் போய் அரசு வந்ததே தவிர, விலையை வாங்குகிறவரே வைத்த நிலை மாறவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்த அந்த ஏகபோகத்தை 1860இல் நீக்கியவர், கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூர் திவானாக இருந்த டி. மாதவ ராவ்.

இத்தனை மாற்றத்திலும் குடியானவர் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் எளிது. அவர் மிளகை மட்டும் நம்பி அடுப்பு மூட்டவில்லை. நெல், தேங்காய், கமுகு, வாழை, கிழங்கு, பலா எல்லாம் அதே கொல்லையில் இருந்தன. விலை சரிந்தால் காய்ந்த மிளகைச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவிடலாம். ஈரம் படாவிட்டால் ஆண்டுக்கணக்கில் கெடாது. பள்ளிக்கூடச் செலவுக்கும் கல்யாணத்துக்கும் ஒரு மூட்டையை இறக்கி மலைச்சரக்குக் கடையில் போட்டுப் பணம் வாங்கும் பழக்கம் கேரளத்து மலைக் கிராமங்களில் இன்றும் உண்டு. பரணில் கிடக்கும் மிளகு மூட்டை அந்த வீட்டின் வங்கி.

*

இருபதாம் நூற்றாண்டு தொடங்கியபோது இந்த ஏற்பாட்டில் விரிசல் விழுந்தது. 1902 வாக்கில் வயநாட்டில் மிளகுக்கொடிகள் கூட்டமாக வாடிச் சாவதாகத் தகவல் வந்தது. மதராஸ் அரசின் தாவரவியலாளர் சார்லஸ் ஆல்பிரட் பார்பர் ஆராயப் போனார்.  இவர் முயற்சியால் தளிப்பறம்பில் அரசு மிளகுப் பண்ணை உருவானது. ஆனாலும் கொடிகளைக் கொல்லும் கிருமி பைட்டோப்தோராதான் என்பது 1966இல்தான் உறுதியானது. வேகவாடல் என்று இன்று சொல்லப்படும் நோய் அது. ஆடி மழையில் பசுமையாக நிற்கும் கொடி, சில நாட்களில் இலை கருகி, கணுக்கணுவாகக் கழன்று விழுந்துவிடும்.

1952இல் தளிப்பறம்புக்கு அருகே பன்னியூரில் மிளகு ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. அங்கே பி.கே. வேணுகோபாலன் நம்பியார், உதிரன்கொட்டா, செறியகாணியக்காடன் என்ற இரண்டு நாட்டு ரகங்களை ஒட்டுச்சேர்த்து உருவாக்கிய பன்னியூர் 1, உலகின் முதல் கலப்பின மிளகு. நீண்ட சரம், பருத்த மணி, சராசரியாக ஹெக்டேருக்கு 1242 கிலோ. விவசாயிகள் விரும்பி நட்டார்கள். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது: வெளிச்சம் நிறைய வேண்டும். பலா நிழலில் அது சோம்பிப்போனது. அதனால் கொல்லைகளில் கரிமுண்டாவே நின்றது. திறந்த வெளியில் தனிப்பயிராக நட்டவர்களிடம் பன்னியூர் பரவியது. எது நல்ல ரகம் என்ற கேள்விக்கு நிலத்துக்கு நிலம் விடை வேறாக இருந்தது.

இதற்குள் வயநாடும் இடுக்கியும் வேறு முகம் கொண்டுவிட்டன. 1930கள் முதல் திருவிதாங்கூரின் தாழ்நிலத்திலிருந்து நிலம் தேடி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மலை ஏறின. மலேரியாவோடும் யானையோடும் போராடிய அந்தக் குடியேற்றத்தைத்தான் மலையாள எழுத்தாளர் எஸ்.கே. பொற்றேக்காட் 'விஷகன்யகா' நாவலில் எழுதினார். அவர்களுக்குக் கைக்காசு தந்த பயிர்களில் மிளகு முதன்மையானது. 1970இல் நடைமுறைக்கு வந்த நில உச்சவரம்பும் இதற்கு மறைமுகமாகத் துணைபோனது. தேயிலை, காப்பி, ரப்பர், ஏலம், கோகோ, இலவங்கப்பட்டை தோட்டங்களுக்குக் கேரளச் சட்டம் விலக்கு அளித்தது. அந்தப் பட்டியலில் மிளகு இல்லை. பெரிய மிளகுத் தோட்டம் வைத்துக்கொள்ள வழியில்லாததால், அது சிறு விவசாயியின் பயிராகவே தொடர்ந்தது.

1980களிலும் 90களிலும் விலை ஏறியது. வயநாட்டில் காப்பிக்கும் நெல்லுக்கும் நடுவே மிளகு பரவியது. வேகமாக வளரும் முள்முருங்கையே எங்கும் தாங்கு மரமானது. 1999 வாக்கில் கிலோ 200 ரூபாயைத் தாண்டியபோது, கடன் வாங்கியாவது கொடி நட வேண்டும் என்ற ஆசை யாரைத்தான் விட்டது?

சரிவு நாலு பக்கமிருந்தும் வந்தது. உலகச் சந்தையில் வியட்நாம் மிளகு குவிந்தது. இந்தியா-இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தம் 2000இல் நடைமுறைக்கு வந்து, இறக்குமதிக்கு வாசல் திறந்தது. விலை சில ஆண்டுகளில் கிலோ 100 ரூபாய்க்கும் கீழே போனது. மருந்துக்கும் உரத்துக்கும் காசில்லாமல் விடப்பட்ட கொடிகளை வேகவாடலும், நூற்புழுக்கள் உண்டாக்கும் மெதுவாடலும் வாரிக்கொண்டு போயின. அதோடு விட்டதா? முள்முருங்கையின் இலையிலும் தண்டிலும் முடிச்சுப் போடும் ஒரு சிறு குளவி 2005 வாக்கில் கேரளத்தில் பரவியது. மரம் செத்தது, மரத்தோடு கொடியும் சாய்ந்தது. கடனில் சிக்கிய விவசாயிகளின் தற்கொலைச் செய்திகளால் வயநாட்டின் பெயர் நாளிதழ்களில் அடிபட்டது. 2006இல் மத்திய அரசு அறிவித்த மறுவாழ்வுத் திட்டத்தில் கேரளத்தின் மூன்று மாவட்டங்கள் இடம்பெற்றன. வயநாடு அவற்றில் ஒன்று.

பலா மரத்திலோ மாமரத்திலோ கொடி ஏற்றியிருந்தவர்களின் இழப்பு அந்த அளவுக்குப் போகவில்லை. குளவி தொட்டது முள்முருங்கையை மட்டுமே.

*

இந்திய மிளகைப் பற்றிப் பேசும் எந்தக் கூட்டத்திலும் ஓர் ஒப்பீடு தவறாமல் வரும். வியட்நாமில் ஹெக்டேருக்கு 2 டன்னுக்கு மேல் எடுக்கிறார்கள். நம்மால் 500 கிலோவை எட்டுவதே அரிது. ஆகவே நம் விவசாயிக்குத் திறமை போதாது.

எண்கள் பொய்யல்ல. கொடி நெருக்கம், சொட்டுநீர், தாராளமான உரம், மரத்துக்குப் பதில் கம்பம் என்று மத்திய மேட்டுநிலத்தின் யா லாய் மாகாணத்தில் சூ சே போன்ற இடங்கள் மிளகு மாவட்டங்களாயின. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வியட்நாம் உலகின் முதல் ஏற்றுமதி நாடானது. 2015 வாக்கில் அங்கே கிலோ 2 லட்சம் டாங் வரை விலை போனது. 50,000 ஹெக்டேர் போதும் என்று அரசு திட்டமிட்டிருந்த பரப்பு, 2017இல் 1.5 லட்சம் ஹெக்டேரைத் தாண்டியது. பிறகு நடந்தது வயநாட்டின் கதையேதான், இன்னும் பெரிய அளவில். 2019இல் விலை 50,000 டாங்குக்குக் கீழே விழுந்தது. நெருங்கி நின்ற கொடிகளில் நோய் புகுந்து தோட்டம் தோட்டமாகக் காலியாயின. வங்கிக் கடனைக் கட்ட முடியாத குடும்பங்கள் ஆலை வேலை தேடி நகரங்களுக்குப் போயின. ஹெக்டேருக்கு 2 டன் எடுத்தவர்கள்தான் அவர்கள். விளைச்சலில் அவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கொடி செத்தபோது கம்பத்திலிருந்து பறிக்கப் பழம் எதுவும் இல்லை.

இதைச் சொல்வதால் நம் கொல்லைகளில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று ஆகிவிடாது. முப்பது நாற்பது வயதான கொடிகளை மாற்றாமல் வைத்திருப்பது, மழைக்கு முன் கிளை கழிக்காமல் விடுவது, போர்டோ கலவை என்னும் பூஞ்சைக்கொல்லியைக் கொடி வாடிய பிறகு அடிப்பது, சரம் பழுக்கும் முன்பே களவுக்குப் பயந்து பறிப்பது எல்லாம் கண்கூடு. பறிக்க ஆள் கிடைக்காததும் கூலியும் இன்று பெரிய பாரம். மூங்கில் ஏணியில் ஏறத் தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. மரத்தை 20 அடிக்கு மேல் போகவிடாமல் நிறுத்துவதும், பக்கக் கிளையை வெட்டி வேர்பிடிக்க வைத்துத் தரையிலேயே காய்க்கும் புதர் மிளகு வளர்ப்பதும் இதற்குக் கண்ட வழிகள். நீர் தேங்கும் இடத்தில் பிரேசில் திப்பிலியின் வேரில் மிளகை ஒட்டுக்கட்டி வேகவாடலைச் சமாளிப்பவர்களும் உண்டு. கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் கரிமுண்டாவிலிருந்தே தேர்ந்தெடுத்த ஸ்ரீகரா, சுபகரா, நோயைத் தாங்கும் தேவம், சக்தி ஆகிய ரகங்கள் கொல்லைக்கும் பொருந்தக்கூடியவை. இவற்றில் எதற்கும் பெரிய முதல் தேவையில்லை. காலத்தில் செய்தால் போதும்.

பறித்த பிறகு கிடைக்கும் லாபம் இன்னும் சுலபமானது. பிரித்த மணியைக் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்துச் சுத்தமான விரிப்பில் காயவைத்தால் நிறம் சீராகும், காய்வதும் விரைவு. லிட்டருக்கு 550 கிராம் எடை நிற்கும் கனத்த மணி நல்ல தரமாக விலைபோகிறது, 4.25 மில்லிமீட்டருக்கு மேல் பருத்த மணிக்குத் தலசேரி மிளகு என்று தனி மதிப்பு. சலித்துப் பிரிக்காமல் மூட்டையாகப் போடும் விவசாயி, அந்தக் கூடுதல் விலையைக் கடைக்காரருக்கு விட்டுக்கொடுக்கிறார்.

விலையோ இன்னும் ஊஞ்சல்தான். 2014-15இல் கிலோ 700 ரூபாயைத் தொட்டு, மூன்றே ஆண்டுகளில் பாதிக்கு வந்தது. இறக்குமதியைக் கட்டுப்படுத்த 2017 டிசம்பரில் மத்திய அரசு கிலோவுக்கு 500 ரூபாய் குறைந்தபட்ச இறக்குமதி விலையை விதித்தது. இதற்கிடையே உற்பத்தியில் கர்நாடகம் கேரளத்தை முந்திவிட்டது. குடகின் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் ஏறிய கொடிகளே முக்கியக் காரணம். தமிழ்நாட்டில் கூடலூரிலும், ஏற்காட்டிலும், தாண்டிக்குடியிலும், கொல்லிமலையிலும் நடப்பதும் இதுவே: காப்பிக்கு நிழல் தரும் மரத்தில் மிளகு. பழைய கொல்லை ஏற்பாடு வேறு மரத்துக்கு மாறியிருக்கிறது.

ஆனால் அரசின் கணக்கு இன்னும் ஹெக்டேரை விட்டு நகரவில்லை. மரத்துக்கு ஒரு கொடியாகச் சிதறி நிற்கும் பயிரைப் பரப்பாக மாற்றி, விளைச்சலை அந்தப் பரப்பால் வகுத்து, வரும் எண்ணை வியட்நாமோடு ஒப்பிடுவதால் யாருக்கும் பயனில்லை. அதே நிலம் தரும் காப்பியும் பாக்கும் பலாவும் அந்த எண்ணில் வருவதில்லை. விலை விழுந்த ஆண்டில் கடன் இல்லாமல் தப்பித்ததும் வருவதில்லை. ஒரு குடும்பத்துக்கு ஓர் ஏக்கரிலிருந்து ஆண்டு முழுவதும் எல்லாப் பயிரும் சேர்ந்து எவ்வளவு வருகிறது, மோசமான ஆண்டில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று கணக்கெடுக்க வேண்டும். தோட்டக்கலைத் துறை மானியத்தை ஹெக்டேருக்கு இவ்வளவு என்று பிரிப்பதைவிட, பட்ட கொடிக்கு மாற்றுக் கன்று, மழைக்கு முன் மருந்து, ஊருக்கு ஒரு சலிப்பு எந்திரம், விலை ஏறும் வரை மூட்டையை வைத்திருக்கக் கிடங்கு என்று செலவிட்டால், ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் மலை விவசாயிக்கு அது நேராகப் போய்ச் சேரும்.